தாத்தா சொன்ன பாட்டு எது?

சுவாமிமலை ஒரு கட்டுமலை. ஏறிப் போக 60 படிகள். பிரபவ முதல் அட்சய வரை தமிழ் வருஷம் ஒவ்வொன்றின் பெயரும் ஒரு படிக்கு. எங்கள் தாத்தா 1928-இல், விபவ வருஷத்தில் பிறந்தவர். கோயிலுக்குப் போகும்போதெல்லாம் தம்முடைய வருஷத்துப் படியில் ஒரு கணம் நிற்பார். மூச்சு வாங்குகிற சாக்கில் திருப்புகழ் ஒன்றை முணுமுணுத்துவிட்டுத்தான் அடுத்த படியில் கால் வைப்பார்.

அவர் 2009-இல் காலமானார். சென்ற வருஷம் ஒரு கிருத்திகையன்று, அதே படியில் நின்றுகொண்டு அப்பாவும் பெரியப்பாவும் வாக்குவாதம் செய்தார்கள். காவடிக்காரர்கள் ஒதுங்கி ஏற வேண்டியதாயிற்று. நிலத் தகராறு என்று நினைத்துவிட வேண்டாம். நிலம் 2004-லேயே பாகம் பிரித்து, பத்திரம் பதிந்து, முடிந்துபோன சங்கதி. சண்டை ஒரு பாட்டைப் பற்றி!

பாகப்பிரிவினையன்று, கையெழுத்துப் போடுமுன் தாத்தா திண்ணையில் சாய்ந்தபடி ஒரு செய்யுளைச் சொன்னார். அது கம்ப ராமாயணத்தில், ராஜ்யத்தை வேண்டாம் என்று உதறிவிட்டு வந்த பரதனைக் கண்டு குகன் உருகிச் சொல்லும் பாட்டு என்பது அப்பாவின் கட்சி.

"இல்லைடா, குறள். நடுவு நிலைமை அதிகாரம். நான் பக்கத்திலேதானே இருந்தேன்!" என்பது பெரியப்பாவின் கட்சி.

"நானும்தான் இருந்தேன், அண்ணே" என்றார் அப்பா.

இதில் இவ்வளவு வேகம் எதற்கு என்று கேட்கலாம். தலைமடை வயல் பெரியப்பாவுக்குப் போயிற்று. கடைமடை அப்பாவுக்கு வந்தது. கடைமடைக்காரன் மண்வெட்டியைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்க வேண்டியவன் என்பது தஞ்சை ஜில்லாவாசிகளுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தாத்தா சொன்னது பரதன் பாட்டானால், தம்பி விட்டுக்கொடுத்ததைத் தகப்பனார் கண்டுகொண்டார் என்று அர்த்தம். குறளானால், தராசு முள் நேராக நின்றது, யாருக்கும் குறைவில்லை என்று அர்த்தம். இருபது வருஷமாக இரண்டு சகோதரர்களும் ஆளுக்கு ஒரு செய்யுளை நெஞ்சில் வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

அப்போது எனக்கு 13 வயது. நானும் அங்கேதான் இருந்தேன். சொல்லி முடித்ததும் தாத்தா குடிக்கத் தண்ணீர் கேட்டது ஞாபகம் இருக்கிறது. பாட்டு ஞாபகம் இல்லை.

தாத்தாவின் நோட்டுப் புத்தகத்தைத் தேடி எடுத்தோம். தமக்குப் பிடித்த செய்யுட்களையெல்லாம் அதில் எழுதி வைத்திருந்தார். இரண்டு பாட்டுமே அதில் இருந்தன; அதுவும் ஒரே பக்கத்தில்! தேதி இல்லை, யாரிடம் சொன்னது என்ற குறிப்பும் இல்லை. மளிகைக் கணக்கில் அரை லிட்டர் நல்லெண்ணெய்க்குக்கூடத் தேதி போட்ட மனிதர் அவர்.

நம் வீடுகளில் பெரியவர்கள் சொல்லும் மேற்கோள்களை நாம் வெறும் அலங்காரமாக நினைக்கிறோம். அச்சிட்ட புத்தகம் கடையில் கிடைக்கிறது, வேண்டும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறோம். என் அபிப்பிராயத்தில் இது பெரிய தவறு. செய்யுள் புத்தகத்தில் இருக்கிறது, வாஸ்தவம். ஆனால் இன்ன நாளில், இன்னாரைப் பார்த்து, இன்ன காரணத்துக்காகச் சொன்னார் என்பது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

புத்தகம் எப்போதும் இருக்கும் என்ற நம்பிக்கைதான் எவ்வளவு தூரம் செல்லும்? ஐம்பெருங்காப்பியம் என்று பெருமையோடு விரல்விட்டு எண்ணுகிறோமே, அவற்றில் வளையாபதியும் குண்டலகேசியும் நூலாக நம் கைக்கு வரவில்லை. வளையாபதியில் 72 பாடல்கள், குண்டலகேசியில் 19. இவ்வளவுதான் மிச்சம். இவையும் உரையாசிரியர்கள் மேற்கோள் காட்டியதாலும், 'புறத்திரட்டு' போன்ற தொகுப்புகளில் எடுத்து எழுதி வைத்ததாலும் பிழைத்தவை. முத்தொள்ளாயிரத்தின் கதியும் இதுவே. புறத்திரட்டைத் தொகுத்த புண்ணியவான் தம் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் எந்தப் பாட்டு எந்த நூலிலிருந்து வந்தது என்பதைக் குறித்து வைத்தார். அந்தக் குறிப்பு இல்லாதிருந்தால் அநாதைப் பாட்டுகள் அல்லவா நமக்குக் கிடைத்திருக்கும்?

இந்த வேதனையை முழுக்க அனுபவித்தவர் எங்கள் ஊர்ச் சாமியின் பெயரைத் தாங்கியவர். பாபநாசம் பக்கத்து உத்தமதானபுரத்துக் குடும்பத்தில் 1855-இல் பிறந்த அவருக்கு வைத்த பெயர் வேங்கடராமன். வீட்டில் அழைத்தது சுவாமிமலை முருகன் பெயரால், சாமிநாதன் என்று. ஆசிரியர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அந்த வீட்டுப் பெயரையே நிலைக்கச் செய்தார். கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்த காலத்தில் சாமிநாதையர் சீவக சிந்தாமணியை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நச்சினார்க்கினியர் தம் உரையில் பக்கத்துக்குப் பக்கம் பழைய வரிகளை எடுத்துக் காட்டுகிறார்; எந்த நூல் என்று பல இடங்களில் சொல்வதில்லை. அவர் காலத்துப் படிப்பாளிகளுக்குச் சொல்ல வேண்டிய அவசியம் இருந்திருக்காது. நூற்றாண்டுகள் கழித்து வந்தவருக்கோ அது கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலாயிற்று. திருவாவடுதுறை மடத்து ஏடுகளைப் புரட்டியபோது பத்துப்பாட்டும் எட்டுத்தொகையும் அகப்பட்டன. மேற்கோள் வரிகள் தம் தாய்வீட்டில் இருப்பதைக் கண்டார். சிந்தாமணி 1887-இல் அச்சில் வந்தது.

இரண்டு ஏடுகளில் பாடம் வேறுபட்டால் அவர் ஒன்றைக் கிழித்துப் போட்டுவிடவில்லை. பிரதி பேதம் என்று அடிக்குறிப்பில் போட்டார். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் இதைத்தான் நான் சிபாரிசு செய்தேன்.

அவருடைய வாழ்க்கையிலேயே ஒரு காட்சி. 1876-இல் திருவாவடுதுறையில் மகாவித்துவான் பிள்ளை அந்திம தசையில் இருக்கிறார். பக்கத்திலிருந்து திருவாசகத்தின் அடைக்கலப் பத்தை வாசித்தவர் மாணவர் சாமிநாதையர். 1940 முதல் ஆனந்த விகடனில் வந்த 'என் சரித்திர'த்தில் இதை எழுதியிருக்கிறார். எழுதியதனால்தான், அடைக்கலப் பத்தை எடுக்கும்போதெல்லாம் எனக்கு மாணிக்கவாசகரோடு அந்த அறையும் நினைவுக்கு வருகிறது. அவர் எழுதாமல் விட்டிருந்தால், பத்துப் பாட்டும் அப்படியேதான் இருந்திருக்கும். அந்த இரவு போயிருக்கும்.

தாத்தாவுக்கு ஆடிப்பெருக்கன்று சிலப்பதிகாரத்துக் காவிரிப் பாட்டைச் சொல்லியே தீர வேண்டும். "தலைமுறை தலைமுறையா நம்ம வீட்டிலே சொல்றது" என்பார். சிலப்பதிகாரம் முழுவதும் உரையோடு அச்சில் வந்ததே 1892-இல்தான்! வீட்டில் முதலில் சொன்னது அவர் தகப்பனாராயிருக்கலாம். அவரே கூட இருக்கலாம். யார் என்று கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது பொழுது விடிந்தால் கைபேசியில் பூப்படம் போட்டுப் பொன்மொழி வருகிறது. பாரதியார் கனவிலும் எழுதாத வசனம் பாரதியார் பெயரில். வேறு யாரோ சொன்னது அப்துல் கலாம் பெயரில். அனுப்பியவருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பெறுபவருக்கும் சம்பந்தமில்லை. பாட்டி ஒரு சீரைத் தப்பாகச் சொன்னால் பேரப்பிள்ளை உடனே கைபேசியைப் பார்த்துத் திருத்துகிறான். திருத்தட்டும். ஆனால் பாட்டி சொன்ன பாடத்தையும், எதற்காகச் சொன்னாள் என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு பிறகு திருத்தட்டும். இதற்குப் பண்டிதராக இருக்க வேண்டாம். கோடு போட்ட நோட்டும் பேனாவும் போதும். கேட்பதற்குக் கொஞ்சம் வெட்கம் கெட வேண்டும், அவ்வளவே.

நான் நோட்டு வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் "2004, பாகப்பிரிவினை நாள், திண்ணை" என்று தலைப்பிட்டேன். பரதன் பாட்டை எழுதி "இது அப்பா பாடம்" என்றும், குறளை எழுதி "இது பெரியப்பா பாடம்" என்றும் குறித்தேன். பெரியப்பாவிடம் படித்துக் காட்டியபோது கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். "பரதன் பாட்டை மேலேயே போட்டிருக்கிறாயா?" என்றார். மாற்றி எழுதட்டுமா என்று கேட்டேன். "வேண்டாம், இருக்கட்டும்" என்றார்.

அந்தப் பக்கத்தில் இன்னும் பாதி இடம் காலியாக இருக்கிறது. அத்தையைக் கேட்க வேண்டும். தாத்தாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அவர்தான். அன்று திண்ணையில் அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை; கதவுக்குப் பின்னால் நின்று எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.