எந்திரம் சொன்னால் ஆதாரம் ஆகுமா?

இப்போதெல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் கட்டுரை எழுத நூலகம் பக்கமே போவதில்லை. செல்போனில் சாட்ஜிபிடியைக் கேட்டால் அரை நிமிஷத்தில் நாலு பக்கம் வந்து விழுகிறது. 2022 நவம்பரில் வந்த இந்த வசதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டியூஷனுக்குப் பணம் கட்ட முடியாத வீட்டுப் பெண்ணுக்கு அது இங்கிலீஷைத் திருத்திக் கொடுக்கிறது, புரியாத பாடத்தை விளக்குகிறது. நல்லதுதானே! ஆனால் அது சொன்னதையே ஆதாரம் என்று கட்டுரையில் போடுவதுதான் சரியில்லை.

எங்க குளத்தூர் தாலுகா நார்த்தாமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். மலைமேல் இருக்கிற கோயிலுக்கு விஜயாலய சோழீச்சரம் என்று பேர். பேரை மட்டும் பார்த்தால் சோழ ராஜா கட்டியது என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் அங்கேயுள்ள கல்வெட்டு, சாத்தன் பூதி என்பவர் கட்டிய கோயில் மழையில் இடிந்துபோக, மல்லன் விடுமன் என்பவர் புதுப்பித்தார் என்கிறது. சந்தேகம் இருந்தால் யாரும் நேரில் போய்ப் பார்க்கலாம். எந்திரம் சொன்னதை எங்கே போய்ப் பார்ப்பது? இன்றைக்கு ஒன்று சொல்லும், நாளைக்கு வேறு சொல்லும். இல்லாத புத்தகத்துக்கும் கூசாமல் பேரும் வருஷமும் கொடுக்கும். 2023-ல் நியூயார்க் வக்கீல்கள் அது சொன்ன தீர்ப்புகளைக் கோர்ட்டில் காட்டினார்கள். அப்படி வழக்குகளே நடக்கவில்லை என்று தெரிந்து 5,000 டாலர் அபராதம் கட்ட வேண்டியதாயிற்று.

அதற்காக, பயன்படுத்தியதை ஒளிப்பதும் தப்பு. அடுத்தவர் எழுத்தைக் காப்பியடித்தால் தண்டனை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ல் விதி போட்டது. ஆய்வேடு 60 சதவீதத்துக்கு மேல் ஒத்துப்போனால் பதிவே ரத்து. ஆனால் அது சாட்ஜிபிடி வருவதற்கு முந்தைய விதி. இப்போது எந்திர எழுத்தைக் கண்டுபிடிக்க இன்னொரு எந்திரத்தை நம்புகிறார்கள். அது தப்பாகச் சொன்னால், ராத்திரி கண்விழித்துச் சொந்தமாக எழுதிய பெண்ணுக்கும் திருட்டுப் பட்டம்தான். அவள் யாரிடம் போய் முறையிடுவாள்?

ஆகவே கல்லூரிகள் வருஷ ஆரம்பத்திலேயே தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். எந்திரத்தின் உதவியை எதற்கு வாங்கினேன் என்று பிள்ளைகள் ஒரு வரி எழுதட்டும். ஆதாரம் என்று போடுவது மட்டும் தாங்களே படித்த புத்தகமாக, பார்த்த கல்வெட்டாக இருக்கட்டும்.

சமையல் குறிப்பு அனுப்பும்போதே "என் மாமியார் சொல்லிக்கொடுத்தது" என்று எழுதுகிறவர்கள் நாம். பட்டம் வாங்க எழுதும் கட்டுரைக்கு அந்த நேர்மை வேண்டாமா? சகோதரிகளே, நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

– ஒரு வாசகி, குளத்தூர், புதுக்கோட்டை மாவட்டம்.