கெய்ஷா என்ற சொல்லைத் தமிழில் எழுதும்போது

இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானை ஆக்கிரமித்திருந்த அமெரிக்கப் படைகளைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்று அண்மையில் மொழிபெயர்ப்புக்காக என்னிடம் வந்தது. 'கெய்ஷாப் பெண்கள்' என்ற தொடர் அதில் பலமுறை, விலைமாதர் என்ற பொருளிலேயே ஆளப்பட்டிருந்தது. அதை அப்படியே தமிழில் எழுதக் கை வரவில்லை.

'கெய்' என்றால் கலை. 'ஷா' என்றால் ஆள். கலைஞர் என்பதே நேர்ப்பொருள். நம் பழஞ்சொற்களில் தேடினால் பரத்தையைவிட விறலியே இதற்கு நெருக்கமானவள். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தொழிலில் முதலில் இருந்தவர்கள் ஆண்கள் என்பது பலருக்கும் வியப்பாயிருக்கும். விருந்துகளில் கதையும் வேடிக்கையும் சொல்லி மகிழ்விப்பது அவர்கள் வேலை. பெண்கள் பின்னரே வந்தனர். இன்றைய டோக்கியோவில் இருந்த யோஷிவாரா பகுதியில் 1779இல் கெய்ஷாக்களுக்கெனத் தனிப் பதிவகம் ஏற்பட்டது. விருந்தினருடன் அவர்கள் உறவு கொள்ளலாகாது என்று விதிக்கப்பட்டது. இதற்குக் காரணம் ஒழுக்கம் அல்ல. உரிமம் பெற்ற விலைமாதர் விடுதிகளின் வருமானம் குறைந்துவிடக் கூடாது என்பதே!

மேற்குலகம் இவற்றில் எதையும் அறிந்துகொள்ள முயலவில்லை. 1904இல் மிலான் நகரில் அரங்கேறிய புச்சினியின் 'மதாம் பட்டர்பிளை' இசைநாடகத்தில், கெய்ஷாவாக இருந்த பதினைந்து வயதுச் சிறுமியை அமெரிக்கக் கடற்படை அதிகாரி மணந்து, கைவிட்டுச் செல்கிறான். அவளோ காத்திருந்து உயிர் துறக்கிறாள். கைவிடுவது வெள்ளையனின் இயல்பு, காத்திருப்பது கீழைப் பெண்ணின் இயல்பு என்ற கற்பனை அன்றே வேரூன்றிவிட்டது. 1945இல் ஆக்கிரமிப்புப் படையினருக்காக ஜப்பானிய அரசே விடுதிகளைத் திறந்தது. வறுமையால் அங்கு தள்ளப்பட்ட பெண்களும் தெருவில் நின்ற பெண்களும் படைவீரனின் வாயில் ஒருசேரக் 'கெய்ஷா' ஆயினர். 1997இல் ஆர்தர் கோல்டன் எழுதிய நாவல், கெய்ஷாவின் கன்னிமை ஏலம் விடப்படுவதாகச் சித்திரித்தது. அவருக்குத் தகவல் தந்த முன்னாள் கெய்ஷா மினெக்கோ இவாசாக்கி வழக்குத் தொடர்ந்தார். 2003இல் அது நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்தது.

ஆனால் இதற்கு மறுப்பாக, 'அவர்கள் தூய கலைஞர்கள் மட்டுமே' என்று சுற்றுலாக் கையேடுகள் கூறுவதையும் நாம் ஏற்கவியலாது. இவ்விரு சித்திரங்களிலும் விடுபட்டுப்போவது கடன்.

சீனக் கூலிகளை ஏற்றிச் சென்ற பெரு நாட்டுக் கப்பல் ஒன்று 1872இல் யோக்கோஹாமாவில் நின்றபோது, அக்கூலிகளை ஜப்பானிய நீதிமன்றம் விடுவித்தது. 'உங்கள் நாட்டிலேயே பெண்கள் ஒப்பந்த அடிமைகளாக விற்கப்படுகிறார்களே' என்று கப்பல் தலைவனின் தரப்பு வாதிட்டது. நாணிய அரசு, அவ்வாண்டே விலைமாதரையும் கெய்ஷாக்களையும் விடுவித்து ஆணையிட்டது. இவர்கள் மனித உரிமை இழந்து மாடு, குதிரை போல் ஆக்கப்பட்டவர்கள். மாட்டிடமும் குதிரையிடமும் யாரும் கடனைத் திருப்பிக் கேட்பதில்லை என்று நீதித்துறை அதற்கு விளக்கம் தந்தது. விடுதலைக்கு இப்படியும் ஒரு வாதம்! கடனோ வேறு ஒப்பந்தங்களின் பெயரில் திரும்பி வந்தது.

சாயோ மாசுதாவின் தன்வரலாறு 1957இல் வெளியாயிற்று. ஏழைக் குடும்பத்தில் பிறந்து, குழந்தை பார்க்கும் வேலைக்கு அனுப்பப்பட்டு, பன்னிரண்டு வயதில் சுவா என்ற வெந்நீரூற்று ஊரின் கெய்ஷா விடுதிக்கு விற்கப்பட்டவர் அவர். உடலும் அங்கே விலைபொருளாயிற்று என்பதை அவர் மறைக்கவில்லை. கியோட்டோவின் புகழ்பெற்ற விடுதிகளில் வாழ்ந்தவருக்கும் இவருக்கும் இடையில் இருப்பது வர்க்கத்தின் தூரம்.

1937இல் ஒசாகா நகரின் கெய்ஷாக்கள் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கக் கோரி வேலையை நிறுத்தினர். ஷிகி மலைக்குச் சென்று அங்குள்ள கோயிலில் தங்கிப் போராடினர். இக்காட்சியை எந்த இசைநாடகமும் பாடவில்லை. 2022இல் முன்னாள் பயிற்சிக் கெய்ஷா ஒருவர், பருவமெய்தாத பெண்கள் மது அருந்த வைக்கப்படுவதை வெளிப்படையாகப் பேசினார். பயிற்சிக் காலத்தில் ஊதியம் இல்லை, கைச்செலவுக்கான பணம் மட்டுமே. அது உழைப்பா, கல்வியா என்ற கேள்வி அங்கே இன்னும் தீரவில்லை.

கட்டுரைக்கு வருகிறேன். படையினரின் பேச்சு வழக்கு வரும் இடங்களில் 'படையினர் கெய்ஷா என்றழைத்த பெண்கள்' என்று எழுதினேன். வரி நீண்டுவிட்டது என்று அச்சுக்கோப்பில் இருந்த தோழர் குறைப்பட்டுக்கொண்டார். நீளட்டும் என்று சொல்லிவிட்டேன்.