வாடகை வீடுன்னா நம்ம தெரு இல்லையா?

அத்திப்பள்ளி தாண்டி பஸ் ஓசூருக்குள்ள நுழைஞ்சா தமிழ், தெலுங்கு, கன்னடம், இந்தி... நாலும் காதுல விழும். 1970-களில் சிப்காட் வந்தது. 2019-ல் மாநகராட்சியும் ஆச்சு. ஆனா ஷிஃப்ட் முடிஞ்சு ரூமுக்குத் திரும்பறவர்கிட்ட, ‘தெருவுல சாக்கடை தேங்குதே?’னு கேளுங்க. ‘நமக்கென்ன பாஸ், வாடகை வீடுதானே!’ம்பார்.

சென்னை பக்கத்து ஆலந்தூரும் ஒரு காலத்துல செப்டிக் டேங்க், கொசுன்னு தவிச்ச ஊர்தான். 1990-களின் கடைசியில் பாதாளச் சாக்கடைக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய்னு மக்களே கட்டினாங்க. நகராட்சி, அரசு, தனியார் கம்பெனி எல்லாம் கைகோத்து வேலையை முடிச்சாங்க. காசு போட்டவங்க சும்மா இருப்பாங்களா? கணக்குக் கேட்பாங்கல்ல... அதான் மேட்டர்!

1997-ல் வந்து, 2021-ல் மறுபடி தொடங்கின ‘நமக்கு நாமே’ திட்டமும் இதே ரூட்தான். மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டா, மிச்சம் அரசு.

ஒரே ஒரு சிக்கல். ஆலந்தூர்ல பணம் கட்டினது வீட்டுக்காரங்க. இங்கே ஓனர் எங்கேயோ இருப்பார். நாத்தம் பிடிக்கறது குடியிருக்கறவர். அவரையும் தெருக் கூட்டத்துல உட்கார வைக்கணும். அவர் பாஷையில கூப்பிட யார் இருக்கா? ஓசூர்ல வளர்ந்த நீங்க இருக்கீங்களே! இந்த ஞாயித்துக்கிழமை, முதல்ல பக்கத்து ரூம் கதவைத் தட்டுங்க.