கொறங்காட்டுக்கு மரக்கன்று ஈடாகாது

பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் காற்றை நம்பித் திருப்பூர் பின்னலாடைத் துறையினர் காற்றாலைகளில் பணம் போட்டது நல்ல காரியம். இப்போது சூரிய மின்தகடுகளும் சேர்ந்திருக்கின்றன. வெளிநாட்டு வியாபாரியிடம் விலை பேசும்போது இந்தப் பசுமைக் கணக்குக்கு மதிப்பு உண்டு. ஆனால் தகடுகளை நிறுத்துவதற்கு நிலம் வேண்டுமே! காங்கயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோவில் வட்டாரங்களில் அதற்காகப் பொக்லைன் இறங்கும் நிலங்களில் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலங்களும் இருக்கின்றன.

கொறங்காட்டைத் தரிசு என்று நினைப்பவர்கள் அதன் வேலிக்குள் ஒருமுறை போய்ப் பார்க்கவேண்டும். முள்ளுக்கிளுவைப் போத்துகளை நெருக்கமாக நட்டு, பல ஆண்டுகள் விட்டு வளர்த்த உயிர்வேலி அது. ஆடும் நுழையாது; நாயும் நுழையாது. உள்ளே கொழுக்கட்டைப்புல், இடையிடையே நிழலுக்கு வெள்வேல மரங்கள். காட்டைச் சிறு துண்டுகளாகத் தடுத்து, ஒன்றில் மாடு மேயும்போது மற்றொன்றைப் புல் முற்றி விதை உதிர்க்க விட்டுவைப்பார்கள். வெள்வேலங்காயைத் தின்ற ஆடு புழுக்கையோடு விதையையும் போட்டுச் செல்லும். கௌதாரிக்கும் ஆள்காட்டிக்கும் இங்கேதான் முட்டையிட இடம். மழை குறைந்த இந்த மண்ணில் காங்கயம் மாடு நிலைத்து நின்றதற்கும், கண்ணபுரம் சந்தைக்குப் பெயர் வந்ததற்கும் இந்த மேய்ச்சல்தான் அடிப்படை. இத்தனையையும் ஒரு பகலில் சமப்படுத்திவிடலாம். திரும்பக் கொண்டுவர ஒரு தலைமுறை ஆகும்.

ஈடு என்ன என்று கேட்டால் மரக்கன்று என்று பதில் வருகிறது. திருப்பூரில் பல ஆண்டுகளாக நடந்துவரும் மரம் நடும் பணியை நாம் மதிக்கிறோம். நகரத்துக்கு நிழல் வேண்டும். ஆனால் புல்வெளியில் வாழும் பறவைக்குத் தோப்பு வீடாகாது. புல்லுக்கு வெயில் வேண்டும். அடர்ந்து மரம் வைத்தால் புல் செத்துப்போகும். மத்திய அரசின் போக்கும் இதே தவறில்தான் நிற்கிறது. 2023-இல் அறிவித்த பசுமை வரவுத் திட்டம், தொடங்கியபோது புதர்க்காட்டையும் தரிசையும் மரம் நடுவதற்கான இடங்களாகவே எண்ணியது. கொறங்காடோ பெரும்பாலும் பட்டா நிலம். வனச் சட்டத்தின் கண்ணில் அது காடே இல்லை. சூரிய மின்நிலையங்களுக்கும் காற்றாலைகளுக்கும் 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி முன் அனுமதி வாங்கத் தேவையில்லை. ஆக, கொறங்காடு அழிந்தால் அது எந்தப் பதிவேட்டிலும் ஏறாது. திருப்பூரின் நஞ்சராயன் குளத்துக்கோ 2022-இல் பறவைகள் சரணாலயம் என்ற தகுதியும் 2024-இல் ராம்சார் ஈரநில அங்கீகாரமும் கிடைத்தன. நீர்நிலைக்குக் கிடைத்த கவனத்தில் ஒரு பங்காவது புல்வெளிக்கு வேண்டாமா?

நிலத்தைக் குத்தகைக்கு விடும் விவசாயியைக் குறை சொல்வது சுலபம். அது நியாயம் அல்ல. மழை பொய்த்தாலும் வந்துசேரும் வாடகையை அவர் எதற்காக விடவேண்டும்? ஊருக்காகக் கொறங்காட்டைக் காப்பாற்று என்று சொல்பவர்கள்தான் அதற்குக் காசும் கொடுக்கவேண்டும்.

இங்கிலாந்தில் 2024 பிப்ரவரி முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. விதிவிலக்குப் பெறாத கட்டுமானத் திட்டம் எதுவானாலும், அழித்த இயற்கை வாழிடத்தைவிடப் பத்து விழுக்காடு கூடுதலாக உருவாக்கி 30 ஆண்டுகள் பராமரிக்கவேண்டும். உயர்மதிப்புள்ள வாழிடத்துக்கு அதே வகை வாழிடத்தைத்தான் ஈடாகக் காட்டமுடியும். 2025 ஜூலையில் கையெழுத்தான இந்திய-பிரிட்டன் வர்த்தக ஒப்பந்தத்தைத் திருப்பூர் மகிழ்ச்சியோடு வரவேற்றது. தன் நாட்டில் இந்தக் கணக்கைக் கண்டு பழகிய வியாபாரி, நாளை நம்மிடமும் அதையே கேட்கமாட்டார் என்று என்ன உத்தரவாதம்?

கேட்கும்வரை காத்திருந்தால் என்ன ஆகும் என்பதை நொய்யல் ஆறு காட்டியிருக்கிறது. பாசனத்துக்குக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவு தேங்கும் இடமாயிற்று. 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகே, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத முறைக்குத் தொழில் முழுதாக மாறியது. அந்த முறையையே இன்று விளம்பரமாகக் காட்டுகிறோம்.

ஐக்கிய நாடுகள் சபை 2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ப்பர்களுக்குமான ஆண்டாக அறிவித்திருக்கிறது. மாவட்ட நிர்வாகம் முதலில் கொறங்காடுகளைக் கிராமவாரியாக அளந்து வரைபடத்தில் ஏற்றட்டும். நல்ல நிலையில் உள்ளவற்றை மின்திட்டங்கள் தொடக்கூடாது. தகடு போடக் கூரைகளும் பாழ்பட்ட நிலங்களும் இருக்கின்றன. தவிர்க்க முடியாத இடத்தில், திட்டம் நடத்தும் நிறுவனம் அதே வட்டாரத்தில் சிதைந்துபோன கொறங்காட்டைக் கிளுவை நட்டு, புல்விதை தூவி மீட்கவேண்டும். அங்கே மாடு மேய்ப்பவருக்கு 30 ஆண்டு ஒப்பந்தத்தில் ஆண்டுதோறும் பணம் தரவேண்டும். மரக்கன்றுக் கணக்கை இதற்கு ஈடாக அரசு ஏற்கக்கூடாது. ஏற்றுமதியாளர் சங்கங்கள் சட்டம் வரும்வரை பொறுக்காமல் தாங்களாகவே இதைத் தொடங்கவேண்டும்.