கார்பன் சைக்கிளை வீட்டிலேயே பூட்டலாமா?

இந்த விஷயத்தில் ஊரில் ரெண்டு கட்சி இருக்கிறது. ஒன்று, "கார்பன் சைக்கிளா? ஐயய்யோ, ஷோரூம் ஆள் தவிர யாரும் கை வைக்கக் கூடாது" கட்சி. இன்னொன்று, "பார்ட்ஸ் பார்ட்ஸா வாங்கி வீட்ல மாட்டினா பாதிக் காசு மிச்சம் மச்சி" கட்சி. என்னைக் கேட்டால் ரெண்டு பேர் சொல்வதும் தப்பு. முதல் கட்சிக்கு பயம் ஜாஸ்தி. இரண்டாம் கட்சிக்கு கணக்கு வராது. பி.காம். படிக்கிறவன் என்ற முறையில் கணக்கை முதலில் முடித்துவிடுகிறேன்.

முன்கதைச் சுருக்கம்: சேலையூரில் இருக்கும் என் பெரியப்பா மகன் (ஐ.டி. வேலை, சம்பளம் வருகிறது, அதனால் இந்த மாதிரி ஆசையும் வருகிறது) ஒரு கார்பன் மவுண்டன் பைக் பிரேம் வாங்கினார். முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், 29 இன்ச் வீல். பிரேம் தவிர மற்ற எல்லாமே தனித்தனிப் பெட்டியில் வந்தது. மூன்று ஞாயிற்றுக்கிழமை, மாடி ரூமில் உட்கார்ந்து பூட்டினோம். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கும் உத்தியோகத்தில் சேர்ந்து பிறகு பதவி உயர்வு பெற்றவன் நான் :-) (தாம்பரத்தில் ஏதுடா மவுண்டன் என்பவர்களுக்கு: பச்சைமலை, திரிசூலம், திருநீர்மலை எல்லாம் கண்ணுக்குத் தெரியலையா? ஓட்டுவது என்னவோ மாடம்பாக்கம், அகரம்தென் பக்கத்து ஏரிக்கரை மண் ரோட்டில்தான். நன்மங்கலம் காப்புக்காடு, அதில் ஓட்டுகிற உத்தேசம் இருந்தால் மறந்துவிடுங்கள்.)

இப்போ கணக்கு. சைக்கிள் கம்பெனி கியரும் பிரேக்கும் ஆயிரக்கணக்கில் வாங்கும். நாம் ஒன்றே ஒன்று வாங்குவோம். சில்லறை விலைக்கும் மொத்த விலைக்கும் உள்ள வித்தியாசம் நம் பாக்கெட்டிலிருந்துதான் போகும். அப்புறம் டூல்ஸ். கேசட் கழற்ற ஒன்று, பாட்டம் பிராக்கெட்டுக்கு ஒன்று, பிரேக்கில் காற்று எடுக்க ஒரு கிட், எல்லாவற்றுக்கும் மேலே டார்க் ரென்ச். 22 செப்டம்பர் 2025 முதல் சைக்கிளுக்கும் அதன் பார்ட்ஸுக்கும் ஜி.எஸ்.டி. 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது நல்ல விஷயம்தான். ஆனால் அந்தச் சலுகை முழு சைக்கிள் வாங்குகிறவனுக்கும் உண்டே! இந்த சைக்கிளைப் பொறுத்தவரை, அதே தரத்தில் கடையில் பூட்டி வரும் சைக்கிளைவிட ஒரு ரூபாய்கூட மிச்சம் ஆகவில்லை. எங்கள் ஆறு நாள் உழைப்பை (ரெண்டு பேர், மூன்று ஞாயிறு) செலவில் எழுதவேயில்லை. எழுதினால் பெரியம்மா பிரேமைத் தூக்கித் தெருவில் போட்டிருப்பார்.

ஆக, காசு மிச்சத்துக்காக இதைச் செய்யாதீர்கள். அப்படியென்றால் எதுக்கு?

அதுக்கு முதல் கட்சியிடம் போக வேண்டும். "ஃபேக்டரியில் பூட்டினதுதான் சேஃப்" என்கிறார்கள். இந்தியாவில் சைக்கிள் பெரும்பாலும் ஃபேக்டரியிலிருந்து முழுசாக வருவதில்லை. அரைகுறையாகப் பூட்டி அட்டைப் பெட்டியிலோ கட்டாகவோ கடைக்கு வரும். ஹேண்டில்பார், பெடல், சீட், வீல் எல்லாம் மாட்டி, பிரேக் வைத்து, கோட்டம் எடுத்துக் கொடுப்பது கடையில் இருக்கும் ஃபிட்டர். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் சைக்கிளைப் பாருங்கள். ஸ்கூல் கிரவுண்டில் மரத்தடியில் நாலைந்து பேர் உட்கார்ந்து நூற்றுக்கணக்கில் பூட்டிக்கொண்டிருப்பார்கள். அம்பத்தூரில் 1949-ல் ஆரம்பித்த டி.ஐ. சைக்கிள்ஸ், 2011-ல் மான்ட்ரா என்ற பெயரில் கார்பன் பிரேம் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் கடைசி நட்டை முறுக்குவது எப்போதும் ஏதோ ஒரு மனிதனின் கைதான். அதனால் வீடா கடையா என்பது கேள்வியே இல்லை. முறுக்கும் கை எவ்வளவு முறுக்குகிறது என்று அந்தக் கைக்குத் தெரியுமா என்பதுதான் கேள்வி.

இது ஏன் கார்பனில் இவ்வளவு முக்கியம்? இரும்பு வளைந்து காட்டும். அலுமினியம் நசுங்கிக் காட்டும். கார்பன் வெளியே பளபளவென்று இருந்துகொண்டே உள்ளே பிளந்திருக்கலாம். இழை ஓடும் திசையில் அதற்கு அசுர பலம். ஆனால் கிளாம்ப் போட்டுக் கழுத்தை நெரித்தால் அந்த பலம் உதவாது. நம்ம தெரு வழக்கப்படி, "கிர்ர்" என்று சத்தம் வரும் வரை முறுக்கி அதுக்கு மேலே ஒரு கால் சுற்று என்றால் கதை முடிந்தது.

பிரேமின் கிளாம்ப் மேலேயே 5 நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருக்கும். எவ்வளவு அது? பத்து சென்டிமீட்டர் நீள அல்லன் கீயின் நுனியில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் வரும் முறுக்கு. அவ்வளவுதான். கேட்கும்போதே "இது போதுமா?" என்று தோன்றும். போதும். கேசட்டின் லாக்ரிங்குக்கு 40 வேண்டும், ஸ்டெம் போல்ட்டுக்கு 5 போதும். இந்த ரெண்டுக்கும் எட்டு மடங்கு வித்தியாசம். இதைக் கை அனுபவத்தில் சொல்லிவிடுவேன் என்கிறவர்களை நான் நம்புவதில்லை, அது ஷோரூம் ஆளாக இருந்தாலும். கூட ஓட்டுகிற ஒருவருடைய கார்பன் சீட் ட்யூபில் மயிரிழை விரிசல் விழுந்தது கடையில் மாட்டிக்கொடுத்த சீட்டால்தான். பெயர் வேண்டாம்.

அதே நேரம் எது உடைந்தாலும் "பார்த்தியா, கார்பன்!" என்பதும் அபத்தம். 2006 பாரிஸ்–ரூபே பந்தயத்தில் ஜார்ஜ் ஹின்கேப்பி என்ற அமெரிக்க வீரர் ஓட்டிக்கொண்டிருக்கும்போதே ஹேண்டில்பார் கையோடு வந்துவிட்டது. விழுந்து தோள்பட்டையில் அடி. சைக்கிள் கார்பன்தான், ஆனால் உடைந்தது உள்ளே இருந்த அலுமினிய ஸ்டீரர் குழாய். எந்தப் பொருள் என்பதைவிட எந்த இணைப்பு என்பதைப் பார்க்க வேண்டும்.

எங்களுக்கு முதலில் வந்த தொல்லை சீட்போஸ்ட். 5-ல் முறுக்கினோம், சென்டிமீட்டர் சென்டிமீட்டராக இறங்கியது. பார்த்தவர்கள் எல்லாரும் சொன்ன ஒரே வைத்தியம் "இன்னும் டைட் பண்ணுப்பா". சரியான வைத்தியம் கார்பன் பேஸ்ட். ரவை மாதிரி நுண்ணிய துகள் கலந்த ஒரு களிம்பு. குழாய்க்கும் போஸ்ட்டுக்கும் நடுவே அது உரசலைக் கூட்டுவதால் குறைந்த முறுக்கிலேயே பிடித்துக்கொள்ளும். கிரீஸ் வைத்தால் நேர் எதிர், இன்னும் வழுக்கும். பழைய கிரீஸ், தூசி எல்லாம் துடைத்து, பேஸ்ட் தடவி, அதே 5-ல் வைத்தோம். அப்புறம் நகரவேயில்லை.

ஸ்டாண்ட்? வாங்கவில்லை. ஸ்டாண்டின் தாடையில் கார்பன் பிரேமைக் கவ்வ வைப்பதே ஆபத்து. பெரியப்பா வீட்டு ஊஞ்சல் கொக்கியில் கயிறு கட்டி சீட்டைத் தொங்கவிட்டோம். ஷோரூமில்கூட இப்படி வசதி இருக்காது.

அடுத்தது சத்தம். கார்பன் சைக்கிள் வைத்திருப்பவர்கள் எல்லாரும் புலம்பும் "கிரீச் கிரீச்". உடனே பாட்டம் பிராக்கெட்டைக் குற்றவாளி ஆக்கிவிடுவார்கள். சில சமயம் உண்மைதான். பேரிங்கை மரை இல்லாமல் அழுத்திச் சொருகும் பிரஸ்ஃபிட் பிரேம்களில் ஓட்டை ஒரு மயிரளவு கோணலாக இருந்தாலே சத்தம் வரும். அதனால்தான் பல கம்பெனிகள் மறுபடி மரைக்கே திரும்பின. (எங்களுடையதும் மரை போட்டதுதான். வலது பக்கம் மாற்று மரை, கவனம்.) ஆனால் பேரிங்கைத் தொடுவதற்கு முன்னால் ஓட்டிப் பாருங்கள். எழுந்து நின்று மிதித்தால் சத்தம் நிற்கிறதா? அப்போ சீட்டோ சீட்போஸ்ட்டோதான். மிதிக்காமல் உருள விட்டாலும் வருகிறதா? அப்போ வீல் பக்கம் தேடுங்கள். எங்களுடையது பெடல் மரை. கழற்றி, துடைத்து, கிரீஸ் வைத்து மாட்டினதும் போயே போச்.

கொசுறு: இடது பெடலுக்கு ஏன் மாற்று மரை? மிதிக்க மிதிக்கக் கழன்று விழாமல் இருக்கத்தான். 1900-ல் "கழலாத பெடல்" என்று இதைத் தங்கள் சைக்கிளுக்கு விளம்பரம் செய்தவர்கள் விமானம் விட்ட அதே ரைட் சகோதரர்கள். அவர்களும் சைக்கிள் கடைக்காரர்கள்தானே.

டிஸ்க் பிரேக் உரசல் பெரிய விஷயமில்லை. காலிப்பரின் ரெண்டு போல்ட்டையும் லூஸ் செய்து, லீவரை இறுக்கப் பிடித்துக்கொண்டே திரும்ப முறுக்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆயில் விஷயத்தில் மட்டும் விளையாடக் கூடாது. மினரல் ஆயில் பிரேக்கில் டாட் திரவமோ, அதில் இதுவோ போனால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் நாசம். லீவரில் என்ன எழுதியிருக்கிறதோ அது மட்டும்.

கியர் ஒழுங்காக விழாவிட்டால் திருகைத் திருகிக்கொண்டே இருப்பதற்கு முன் ஹேங்கரைப் பாருங்கள். பின் கியர் தொங்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு கூரியர் பெட்டியிலேயே வளைந்துவிடும். 12 பல்சக்கர கேசட்டில் சந்து ரொம்பக் குறுகல், கொஞ்சம் வளைந்தாலும் குழப்பம். முன்பெல்லாம் பிரேமுக்கு ஒரு ஹேங்கர். ஸ்ராம் கம்பெனி 2019-ல் எல்லா பிரேமுக்கும் பொதுவாக ஒரு டிசைன் கொண்டுவந்த பிறகு பாடு குறைந்தது.

நிற்க. வீட்டில் செய்யக் கூடாதவையும் உண்டு. விரிசல் என்று சந்தேகம் வந்தால் நகத்தால் சுரண்டிப் பார்த்து நாமே தீர்ப்பு சொல்லக் கூடாது. பிரஸ்ஃபிட் பேரிங்கை அதற்கான பிரஸ் இல்லாமல் சுத்தியலால் தட்டக் கூடாது. கார்பன் ஸ்டீரர் குழாய் உள்ள ஃபோர்க்கில் ஸ்டார் நட் அடிக்கவே கூடாது, அதற்கு விரிந்து பிடிக்கும் பிளக் தனியாக உண்டு. கை பிரேக்கில் இருக்க, தலை ஏரிக்கரைச் சரிவை நோக்கி இருக்கும்போது இதெல்லாம் பரிசோதனைக்கு உரிய விஷயம் இல்லை.

இப்போ எனக்கு உண்மையிலேயே ஆதங்கமான இடம். பின் வீலில் கோட்டம் இருந்தது. எங்களால் முடியவில்லை. வேறு கடையில் வாங்கின பார்ட்ஸ் என்று ஒரு ஷோரூமில் தொடவே மாட்டேன் என்றார்கள். மேற்குத் தாம்பரத்தில் பஞ்சர் ஒட்டி, ஓவராயில் செய்யும் ஒரு பெரியவரிடம் வீலை மட்டும் கொண்டுபோனோம். விரலை ரிம் ஓரத்தில் வைத்துச் சுற்றினார், போக்ஸ் கம்பியை அங்கே கால் சுற்று இங்கே அரைச் சுற்று, பத்து நிமிஷம். கோடு போட்ட மாதிரி ஓடியது. "பிரேமையும் கொண்டாந்திருக்கலாமே தம்பி" என்றார். அண்ணன், "கார்பன் சார் அது" என்று இழுத்தார். பெரியவர் சிரித்துவிட்டு, "யாரும் எங்கிட்ட கொண்டாறதில்ல. கொண்டாந்தாத்தானே தெரியும்" என்றார்.

அவர் சொன்னதில் என்ன தப்பு? கிளாம்பில் எழுதியிருக்கும் 5-ஐப் படிக்க இங்கிலீஷ் வேண்டாம். டார்க் ரென்ச் "டிக்" என்று சொன்னால் நிறுத்த டிகிரி வேண்டாம். வீல் கோட்டம் எடுக்கும் விரல் இருப்பவருக்கு இது ஒரு நாள் பாடம். விலை உயர்ந்த சைக்கிள் விற்கும் கம்பெனிகள் டீலர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுப்பது சரி. தெருக்கடை ஃபிட்டருக்கும் ரெண்டு நாள் வகுப்பு எடுத்து, கையில் ஒரு டார்க் ரென்ச்சும் தமிழில் ஒரு முறுக்கு அட்டவணையும் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? கிண்டி ஐ.டி.ஐ. மாதிரி இடம் பக்கத்திலேயே இருக்கிறதே. லட்ச ரூபாய் சைக்கிளுக்காக மட்டும் சொல்லவில்லை. இப்போது சாதாரண சைக்கிளிலேயே டிஸ்க் பிரேக் வருகிறது. அதில் வேலைக்குப் போகிறவரும் ஸ்கூலுக்குப் போகிற பிள்ளையும் ஷோரூம் வாசலை மிதிக்கப்போவதில்லை. அவர்களுக்கு இந்தப் பெரியவர்தான். அவருக்குப் பிறகு அந்தக் கடையில் உட்கார அவர் வீட்டில் ஆள் இல்லை என்பதையும் அவரே சொன்னார்.

வீட்டில் பூட்டினதில் எங்களுக்குக் கிடைத்த லாபம் இதுதான்: எந்த போல்ட் எங்கே, எவ்வளவு முறுக்கு என்று தெரியும். யாரிடம் கொடுத்தாலும் சரியாகச் செய்கிறார்களா என்று பார்க்கத் தெரியும். கேட்கவும் தெரியும்.

முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டினதும் எல்லா போல்ட்டையும் இன்னொரு தடவை பார்த்தோம். ஸ்டெம்மில் ஒன்று லேசாக இளகியிருந்தது. இனி நவம்பர் மழைக்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. முடிச்சூர் பக்கம் தண்ணீர் தேங்கினால் வீல் பாதி முங்கும், ஈ.சி.ஆர். பக்கம் போனால் உப்புக் காற்று. கார்பனும் அலுமினியமும் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்புத் தண்ணீர் இறங்கினால் அலுமினியம் அரித்து உள்ளேயே இறுகிக்கொள்ளும். எங்கள் சீட்போஸ்ட் அலுமினியம். அதனால் அதை உருவித் துடைத்து, புதுசாகப் பேஸ்ட் தடவ வேண்டும்.

டார்க் ரென்ச் மூவாயிரத்துச் சொச்சம் ஆனது, இப்போது மூன்று வீடு சுற்றிக்கொண்டிருக்கிறது. கிளாஸில் யாருக்காவது வேண்டுமென்றால் கேளுங்கள், தருகிறேன். திருப்பிக் கொடுக்கும்போது மட்டும் அளவைக் குறைந்தபட்சத்துக்கு இறக்கி வைத்துக் கொடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்து, அடுத்த ஆளுக்கு 5 என்பது 5-ஆக இருக்காது.