சம்பளத்தைத் தள்ளிவிட்டுக் காட்டும் லாபம்

கலிஃபோர்னியாவின் டப்ளின், பிளசன்டன், சான் ரமோன் வட்டாரத் தமிழ்க் குடும்பங்களில் பலருக்கு ஆர்எஸ்யு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. ஊழியருக்கு ஊதியமாக நிறுவனம் தரும் இந்தப் பங்குகள் கைக்கு வரும் நாளில் அவற்றின் சந்தை மதிப்பு டபிள்யூ-2 படிவத்தில் சம்பளமாக ஏறுகிறது. மத்திய அரசு வரி பிடிக்கிறது, கலிஃபோர்னியாவும் பிடிக்கிறது. கொடுத்த நிறுவனமும் தன் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாகக் கழித்துக்கொள்கிறது. ஆனால் காலாண்டு முடிவில் ‘சரிசெய்யப்பட்ட லாபம்’ என்று ஓர் எண்ணை அறிவிக்கும்போது மட்டும், பல நிறுவனங்களுக்கு இந்தச் சம்பளம் மறந்துபோகிறது. சாப்பாட்டுச் செலவைச் சேர்க்காமல் பார்த்தால் கல்யாணம் சிக்கனமாகத்தான் நடந்தது என்று சொல்வதைப் போன்றது இது.

இந்த வழக்கத்துக்கு ஒரு வரம்பு கட்ட உலகின் பெரும்பகுதி முடிவு செய்துவிட்டது. சர்வதேசக் கணக்கியல் தர வாரியம் 2024 ஏப்ரலில் ஐஎஃப்ஆர்எஸ் 18 என்ற தரத்தை வெளியிட்டது. 2027 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ தொடங்கும் நிதியாண்டுகளுக்கு அது கட்டாயம். ஒரு நிறுவனம் தானே வகுத்துக்கொண்ட லாப அளவை வெளியே அறிவித்தால், அதை நிதிநிலை அறிக்கையின் குறிப்புகளுக்குள் கொண்டுவந்தாக வேண்டும். எதைச் சேர்த்தோம், எதைக் கழித்தோம், இந்த அளவு ஏன் பயனுள்ளது, தரப்படியான லாபத்துக்கும் இதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அங்கே எழுதியாக வேண்டும். குறிப்பு என்பது அறிக்கையின் பகுதி. ஆகவே தணிக்கையாளரின் கையெழுத்து அதற்கும் பொருந்தும்.

அமெரிக்காவில் நிலைமை வேறு. 2003 முதல் நடப்பில் உள்ள ‘ரெகுலேஷன் ஜி’ விதியும் ஒப்பீட்டுப் பட்டியலைக் கேட்கிறது. ஆனால் அது செய்தி அறிக்கையில் இருந்தால் போதும், தணிக்கை தேவையில்லை. டப்ளினிலேயே தலைமையகம் கொண்ட டிரைநெட் நிறுவனத்தின் ‘சரிசெய்யப்பட்ட எபிட்டா’ (வட்டி, வரி, தேய்மானம் கழிக்கும் முன் உள்ள லாபம்) பங்குவழி ஊதியத்தை விலக்கியே கணக்கிடப்படுகிறது. விலக்கியதை அது மறைக்கவில்லை, பட்டியலிட்டே வெளியிடுகிறது. குறை அந்த நிறுவனத்தினுடையது அல்ல, விதியினுடையது.

இந்த ஊருக்கு நெருக்கமான இன்னொரு எடுத்துக்காட்டு உண்டு. டப்ளினில் தலைமையகம் வைத்திருந்த சைபேஸ் நிறுவனத்தை ஜெர்மனியின் எஸ்ஏபி 2010-ல் சுமார் 580 கோடி டாலருக்கு வாங்கியது. அதுவரை ‘காப்’ எனப்படும் அமெரிக்கக் கணக்கியல் விதிகளின்படி எழுதப்பட்ட சைபேஸின் கணக்கு, எஸ்ஏபியின் ஐஎஃப்ஆர்எஸ் கணக்கோடு சேர்ந்தது. எஸ்ஏபியும் நீண்ட காலம் பங்குவழி ஊதியத்தை விலக்கியே தன் ‘சரிசெய்யப்பட்ட’ லாபத்தைச் சொல்லிவந்தது. 2024 முதல் அந்த வழக்கத்தைத் தானாகவே கைவிட்டது. விளைவு என்ன? 2023-க்கான சரிசெய்யப்பட்ட செயல்பாட்டு லாபம் பழைய முறையில் 872 கோடி யூரோ; புதிய முறையில் 651 கோடி யூரோ. ஊழியர்களுக்குக் கொடுத்த சம்பளத்தைச் சம்பளம் என்று ஒப்புக்கொண்டதும் நான்கில் ஒரு பங்கு லாபம் குறைந்தது. நிறுவனம் மூழ்கிவிடவில்லை.

இப்படிச் செய்தால் புதுத் தொழில்முனைவு செத்துவிடும் என்ற கூக்குரல் இந்த விரிகுடாப் பகுதிக்குப் புதிதல்ல. ஃபாஸ்பி எனப்படும் அமெரிக்க நிதிக் கணக்கியல் தர வாரியம், பங்கு விருப்ப உரிமைகளைச் செலவாகக் காட்டச் சொல்ல 1990-களின் தொடக்கத்தில் முனைந்தபோது, சிலிக்கான் பள்ளத்தாக்கு திரண்டு எதிர்த்தது. 1994-ல் செனட் அவை 88-க்கு 9 என்ற வாக்கில் அந்த யோசனைக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. வாரியம் பின்வாங்கியது. கணக்கு மோசடியால் என்ரான் நிறுவனம் வீழ்ந்த பிறகுதான் நிலைமை மாறியது. 2004 பிப்ரவரியில் சர்வதேச வாரியம் ஐஎஃப்ஆர்எஸ் 2 மூலம் வழிகாட்ட, அதே ஆண்டு டிசம்பரில் ஃபாஸ்பியும் அந்தச் செலவைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகும் இந்தப் பள்ளத்தாக்கு வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் சட்டப்படியான கணக்கில் வாசல் வழியாக உள்ளே வந்த செலவை, ‘சரிசெய்யப்பட்ட’ கணக்கில் கொல்லைப்புறமாக வெளியே அனுப்பும் பழக்கம் தொடர்கிறது.

இது பணமாகக் கொடுக்கப்படும் செலவு அல்லவே என்பது நிறுவனங்களின் முதல் வாதம். புதிய பங்குகளை வெளியிட்டால் இருக்கும் பங்குதாரரின் உரிமை மெலிகிறது. அதை ஈடுகட்டச் சந்தையில் பங்குகளைத் திரும்ப வாங்கினால் ரொக்கமே வெளியேறுகிறது. இரண்டில் எதுவானாலும் செலவை ஏற்பவர் பங்குதாரர். 401(கே) ஓய்வூதியக் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அந்தப் பங்குதாரர்தான்.

முதலீட்டாளர்கள் கெட்டிக்காரர்கள், பட்டியலைப் பார்த்துத் தாங்களே கூட்டிக்கழித்துக்கொள்வார்கள் என்பது இரண்டாவது வாதம். பெரிய நிதி நிறுவனங்களுக்கு அது சரி. மாலையில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் விட்டுவிட்டுக் கைபேசியில் தலைப்புச் செய்தியை மட்டும் பார்க்கும் சிறு முதலீட்டாளருக்கு அது பொருந்தாது. தலைப்பில் வரும் எண்ணுக்குத்தான் தணிக்கை அதிகம் தேவை.

ஐஎஃப்ஆர்எஸ் முழுவதையும் அமெரிக்கா ஏற்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. 2012-ல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையமான எஸ்இசியின் ஊழியர் குழு எந்தப் பரிந்துரையும் இல்லாமல் தன் இறுதி அறிக்கையை முடித்ததோடு அந்தப் பேச்சு அடங்கிவிட்டது. சர்வதேசத் தரம் எல்லாவற்றிலும் கண்டிப்பானது என்றும் சொல்ல முடியாது. டப்ளினில் தலைமையகம் கொண்ட ராஸ் ஸ்டோர்ஸ் தன் கடைகளில் பெரும்பாலானவற்றைக் குத்தகைக்கு எடுத்தே நடத்துகிறது. அமெரிக்க விதிப்படி அந்த வாடகை முழுவதும் செயல்பாட்டுச் செலவு. ஐஎஃப்ஆர்எஸ் 16-ன்படி அதே வாடகை தேய்மானம், வட்டி என இரண்டாகப் பிரியும். வட்டிப் பகுதி செயல்பாட்டு லாபத்துக்குக் கீழே போய்விடும். கொடுக்கும் வாடகை மாறாது, செயல்பாட்டு லாபம் மட்டும் கொஞ்சம் கூடித் தெரியும். இரு தரப்பிலும் நல்லது கெட்டது உண்டு. நல்லதை எடுத்துக்கொள்வதில் கௌரவக் குறைவு இல்லை.

எடுத்துக்கொள்ளாவிட்டால் வரும் விபரீதத்தையும் பார்க்க வேண்டும். அயல்நாட்டு நிறுவனங்கள் ஐஎஃப்ஆர்எஸ் கணக்கையே இங்கே தாக்கல் செய்யலாம் என்று எஸ்இசி 2007-ல் அனுமதித்தது. இந்திய நிறுவனமான இன்ஃபோசிஸ் அப்படித்தான் தாக்கல் செய்கிறது. அமெரிக்க நிறுவனமான காக்னிசன்ட் அமெரிக்க விதிப்படி எழுதுகிறது. இருவரும் அமெரிக்கச் சந்தையில் முதலீடு திரட்டுகிறார்கள், சென்னையில் ஆளெடுக்கிறார்கள். 2027 ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டு முதல், தானே வகுத்த லாப அளவை இன்ஃபோசிஸ் அறிவித்தால் அது தணிக்கைக்கு உட்பட்ட குறிப்பில் இருந்தாக வேண்டும்; காக்னிசன்டுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அமெரிக்க மண்ணில் அயல்நாட்டு நிறுவனத்துக்குக் கடுமையான விதி, உள்நாட்டு நிறுவனத்துக்குத் தளர்ந்த விதி என்பதை எஸ்இசி எப்படி நியாயப்படுத்தும்?

ஃபாஸ்பி சும்மா இருக்கவில்லை. ஊழியர் ஊதியம் உள்ளிட்ட செலவுகளைப் பிரித்துக் காட்டச் சொல்லும் விதியை 2024 நவம்பரில் வெளியிட்டது. அதற்கு அடுத்த அடியையும் அது எடுத்து வைக்க வேண்டும். சரிசெய்யப்பட்ட லாபம் எதுவாயினும் அதன் கணக்கு தணிக்கைக்கு உட்பட்ட குறிப்பில் இடம்பெற வேண்டும். பங்குவழி ஊதியத்தை விலக்கும் நிறுவனம், அந்த ஆண்டு பங்குகளைத் திரும்ப வாங்கச் செலவிட்ட ரொக்கத்தையும் பக்கத்திலேயே காட்ட வேண்டும். விதி வரும்வரை காத்திராமல், எஸ்ஏபியைப் போல நிறுவனங்கள் தாமாகவே முன்வரலாம்.

வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் உங்கள் பெயருக்கு வரும் பங்குதாரர் வாக்குச்சீட்டைக் குப்பையில் போடாதீர்கள். பங்குதாரர் கூட்டத்தில் இந்தக் கேள்வியை எழுப்புங்கள்: நீங்கள் எங்களுக்குக் கொடுத்தது சம்பளம் என்று வரித்துறை சொல்கிறது, உங்கள் லாபக் கணக்கு ஏன் சொல்லவில்லை?