ஊரடங்கில் முளைத்த கீரை

உழுதுண்ட குடியிற் பிறந்து நகரத்துக் கற்கட்டடங்களுள் ஒடுங்கிப்போன தமிழர்க்குத் தி.பி. 2051 (கி.பி. 2020) கடுந்தேர்வு ஆண்டாக வாய்த்தது. கொரோனா என்று உலகம் வழங்கிய மகுடை நச்சுயிரி பரவ, மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் தொட்டு இந்தியா முழுமையும் அடங்கிற்று. தெருவில் நடமாட்டமில்லை, பள்ளியில் மணியோசையில்லை, உற்றார் சாவுக்கும் உடன்நிற்க வழியில்லை. அந்நாள்களில் வீட்டு மாடியிலும் கொல்லையிலும் சாளரத் திட்டிலும் எத்தனையோ குடும்பத்தார் மண்ணைத் தொட்டனர். உடைந்த வாளியும் பழைய நெகிழிக் குடமும் எண்ணெய்த் தகரமும் பாத்திகளாயின. வேலையற்றோர் பொழுதுபோக்கு என்று அதனை எள்ளியோரும் உளர். எள்ளத் தக்கதன்று அது.

சென்னையில் நடந்ததை எண்ணிப் பார்த்தல் தகும். 1996இல் திறக்கப்பெற்ற கோயம்பேட்டு அங்காடியே அப்பெருநகர்க்குக் காய்கனி வந்திறங்கும் தலைவாயில். ஏப்பிரல் 26 முதல் நான்கு நாள்களுக்குச் சென்னை, கோவை, மதுரை நகரங்களில் முழு அடைப்பு என்று அறிவிப்பு வந்ததும், 25ஆம் நாள் மக்கள் காய்கடைகளை ஈக்கள்போல் மொய்த்தனர். விலை ஏறிற்று, இடைவெளி பறந்தது. சின்னாள்களில் அவ்வங்காடியே நோயின் ஊற்றுக்கண்ணாயிற்று. வணிகர், சுமை தூக்குவோர், சரக்குந்து ஓட்டுநர் ஆகியோர் வழியே தொற்று பல மாவட்டங்களுக்கும் சென்றது. மே 5ஆம் நாள் அங்காடி மூடப்பெற்று, மொத்த வணிகம் பின்னர்த் திருமழிசைக்கு மாற்றப்பட்டது. கறிக்கு வேண்டிய காயை வாங்கப் போனவர் நோயை வாங்கி வந்த கொடுமையை என்னென்பது! ஒரு பெருநகரம் தன் வயிற்றுக்கு ஒரே வாயிலை நம்பியிருத்தலின் இடர் அன்றுதான் பலர்க்கும் விளங்கிற்று. மாடியில் நான்கு தொட்டி வைத்திருந்தவர், தெருமுனைக்குச் செல்லாமலே ஒருவேளைக் குழம்புக்குக் கீரை கிள்ளினார்.

ஆயினும் மிகைப்படக் கூறல் வேண்டா. பத்துப் பன்னிரண்டு தொட்டிகள் நால்வர் கொண்ட குடும்பத்துக்கு நாடோறும் கறியாக்கித் தரமாட்டா. நெல்லும் பருப்பும் எண்ணெய் வித்தும் உழவன் கழனியிலிருந்தே வந்தாகல் வேண்டும். மேலும், ஊரடங்கு தொடங்கியதோ கோடை வாயிலில். ஆடிப்பட்டம் பார்த்து விதைத்த குடியினர் சித்திரை வெயிலில் மொட்டை மாடியில் விதை தூவினால் என்னாகும்? முளைத்தவற்றுள் பல கருகின. மாவுப்பூச்சி வந்து வெண்டையைப் பற்றிற்று. நிழல்வலை கட்ட வேண்டும் என்பதும், வேப்பெண்ணெயைக் கரைத்துத் தெளிக்க வேண்டும் என்பதும், செம்மண்ணோடு மக்கிய எருவும் தென்னை நார்க்கழிவும் கலந்தாலன்றித் தொட்டி மண் இறுகிப்போம் என்பதும் பட்டறிந்த பின்னரே பலர்க்குத் தெரிந்தன. 2013-14இலேயே தமிழக அரசின் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத்துக்கெனப் பைகளும் விதைகளும் மானிய விலையில் வழங்கத் தொடங்கியிருந்தது. அன்று அதனைப் பொருட்படுத்தாதோர் இற்றை நாளில் விதைக்கு அலைந்தனர். பட்டபின் அறிவது நம்மவர் பழக்கம் போலும்!

இனி, காயினும் கீரையினும் பெரிதாகக் கிடைத்தது ஒன்றுண்டு. முளைக்கீரை விதைத்த மூன்று நான்கு நாள்களில் முளைவிடும். ஏறத்தாழ இருபத்தைந்து நாள்களில் பறிக்கலாம். வெண்டை ஒன்றரைத் திங்களிற் காய்க்கத் தொடங்கும். இக்கணக்கு உழவர்க்குப் புதிதன்று. ஆனால் எந்நாள் கதவு திறக்கும், எந்நாள் கூலி வரும், எவர் இறந்தார், எவர் பிழைத்தார் என ஒன்றும் உறுதியில்லாமல் தொலைக்காட்சியின்முன் அமர்ந்து அஞ்சிக் கிடந்தவர்க்கு, இன்னநாள் இது முளைக்கும் என்று சொல்லிச் சொன்னபடியே முளைத்துக் காட்டியது அந்தக் கீரை ஒன்றுதான். அறுபத்தைந்து அகவை கடந்தோர் வெளியே வரற்க என்று அரசு அறிவுறுத்தியிருந்தது. மகனும் மருமகளும் கைப்பேசியில் அலுவல் பார்க்க, பேரன் கைப்பேசியில் பாடங் கேட்க, எதற்கும் வேண்டாதவராய் மூலையிற் கிடந்த முதியவரை அப்பாத்தி எழுப்பிற்று. இளமையில் தந்தையோடு ஏற்றமிறைத்த கை, அரிசி கழுவிய நீரை ஒரு துளியும் சிந்தாமல் அவரைக் கொடிக்கு ஊற்றிற்று. வீட்டிலுள்ளோர் ஐயம் கேட்டு அவர்முன் நின்றனர். மருத்துவர் எழுதித்தரும் மாத்திரையால் ஆகாத வேலை அது.

சிறுவர்க்குக் கிடைத்ததோ வேறு. பாவாணரின் கட்டுரையொன்று தமிழ்ச்சொல் வளம் என்னும் தலைப்பில் பத்தாம் வகுப்புத் தமிழ்நூலில் 2019 முதல் பாடமாயுள்ளது. தளிர், கொழுந்து, பழுப்பு, சருகு என்று இலையின் பருவத்துக்கொரு சொல். நாற்று, கன்று, பிள்ளை, குட்டி, வடலி என்று இளம்பயிர்க்கு இனத்துக்கொரு சொல். நகரத்து மாணவன் இவற்றைத் தேர்வுக்கென மனப்பாடம் செய்தான், பொருளைக் கண்டறியான். கத்தரியைப் பிடுங்கி நட்டபோது, தாத்தா அதனை நாற்று என்றார். பக்கத்து வீட்டாரின் தென்னையைப் பிள்ளை என்றார். ஒன்றைச் செடியென்றும் ஒன்றை மரமென்றும் மட்டுமே சொல்லப் பழகிய நாவுக்கு, அரும்பு வேறு, போது வேறு, அலர் வேறு என்பது கண்முன் நிகழ்ந்தது. சொல் ஏட்டில் இறந்து கிடப்பதும் நாவில் உயிர்த்தெழுவதும் பொருளைக் கையால் தொடுவதைப் பொறுத்தன. வகுப்பறையில் ஓராண்டு முயன்றும் ஆசிரியர் செய்யமுடியாததை ஒரு பூசணிக் கொடி ஒரு திங்களிற் செய்தது.

இப்பேறு எல்லார்க்கும் கிட்டிற்றா என்றால், இல்லை. வாடகை வீட்டார் பலர்க்கு மாடியேற இசைவில்லை. குடிசை வாழ்நர்க்கு மாடியே இல்லை. அதே வேனிலில் பிள்ளையைத் தோளிற் சுமந்து நெடுஞ்சாலை வழியே தம் ஊர்க்கு நடந்த வடபுலக் கூலித் தொழிலாளரிடம் போய்த் தோட்டம் போடுக என்று யார் சொல்வது? தண்ணீரும் அவ்வாறே. ஓராண்டு முன்னர், 2019 கோடையில், சென்னைக்கு நீர் தரும் ஏரிகள் வறண்டு மக்கள் குடத்தோடு தண்ணீருந்துக்குக் காத்துநின்றனர். பெருந்தொற்று அவ்வாண்டில் வந்திருப்பின் தொட்டிக்கு வார்க்க நீரேது? ஆகலின் ஏரியைத் தூர்த்து மனை விற்போர் மாடித்தோட்டத்துக்கும் பகைவரே என்க. ஊர்ப்பொது நிலத்தில் வீடில்லார்க்கு நான்கு பாத்தி ஒதுக்கித் தருதல் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அரிய செயலன்று.

மற்றொன்று விதை. கடையில் வாங்கிய ஒட்டுவிதை ஒருமுறை நன்றாய்க் காய்க்கும். அதன் விதையை எடுத்து மீண்டும் ஊன்றின் தாய்போல் வாராது. வண்ணத்தாளில் அடைத்த விதைப்பையை ஆண்டுதோறும் வாங்குவோன், கடை மூடிய நாளில் கைகட்டி நிற்பான். விதையின் அருமையை உணர்த்தும் நிகழ்ச்சியொன்று இரண்டாம் உலகப் போரில் நிகழ்ந்தது. செருமானியப் படை 1941 செப்டம்பர் முதல் 1944 சனவரி வரை லெனின்கிராடு நகரை முற்றுகையிட்டிருந்தது. பட்டினியால் மக்கள் மடிந்தனர். 1942இல் தூய ஈசாக்குப் பெருங்கோயிலின் முன்றிலிலும் முட்டைக்கோசு பயிரிட்டனர் அந்நகரத்தார். அங்கே வவிலோவ் என்னும் பயிரறிஞர் உலகெங்கும் திரட்டிய விதைகளின் சேமநிலையம் இருந்தது. அதைக் காத்த அறிஞர் பலர், நெல்லும் பயறும் கிழங்கும் மூட்டையாய் அருகிருக்க, ஒரு மணியும் தொடாமல் பசியால் மாண்டனர். தின்றிருந்தால் அவர்கள் பிழைத்திருப்பர், விதை பிழைத்திராது.

அத்துணை ஈகம் இன்று எவரிடமும் கேட்கப்படவில்லை. காய்த்தவற்றுள் நல்லதொன்றைப் பறிக்காமல் கொடியிலேயே முற்ற விடுதல், விதையைச் சாம்பலிற் புரட்டி நிழலில் உலர்த்தல், அடுத்த வீட்டார்க்கு ஒரு கைப்பிடி தருதல் என இவ்வளவே வேலை. ஆனால் ஊரடங்கு நீங்கியதும் பல மாடிகளில் இதுவும் நின்றுபோயிற்று. பைகள் வெயிலில் கிழிந்து மண் சிதறிக் கிடக்கின்றன. நிழல்வலைக் கழிகளில் துணி உலர்கிறது. சில வீடுகளில் மட்டும் அடுப்பங்கரை உத்தரத்தில் பீர்க்க நெற்றொன்று கயிற்றில் தொங்குகிறது. அசைத்தால் உள்ளே விதை கலகலக்கும். ஆடி பிறந்ததும் அதனை இறக்குவார்கள்.